நாலு எழுத்தில் அடங்குமா ஓர் ஆள்?

ஆபீஸ் என்று ஒன்று இருந்தால் அங்கே சில பேர் கட்டாயம் இருப்பார்கள். மீட்டிங் முடிந்து எல்லாரும் நாற்காலியைத் தள்ளி எழுந்த பிறகு, "ஒரே ஒரு சின்ன சந்தேகம்" என்று ஆரம்பிப்பவர் ஒருத்தர். எதைச் சொன்னாலும், "அதெல்லாம் முன்னாடியே பண்ணிப் பார்த்தாச்சு சார், ஆகாது" என்பவர் ஒருத்தர். யாருக்குப் பிறந்தநாள், யார் வீட்டில் கல்யாணம், யார் இன்னும் பணம் தரவில்லை என்று தனியாக நோட்டுப் போட்டு வைத்திருப்பவர் ஒருத்தர். வாயே திறக்காமல் மூலையில் உட்கார்ந்து, ஆறு மணிக்குள் மொத்த வேலையையும் முடித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர் ஒருத்தர்.

நாமும் சும்மா இருக்கிறோமா என்ன? ஒவ்வொருத்தருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுகிறோம். நமக்கும் ஒன்று வைத்திருப்பார்கள். அது நம் காதுக்கு வராது, அவ்வளவுதான்.

இந்தப் பட்டப்பெயர் வேலையைத்தான் கொஞ்ச காலமாகக் கோட்டு சூட்டுப் போட்டுச் செய்கிறார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் ஒருநாள் பயிற்சி என்று கூட்டிப்போய், ஒரு தாளைக் கொடுத்து, நிறையக் கேள்விகளுக்குப் பதில் குறிக்கச் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு நாலு ஆங்கில எழுத்து கிடைத்தது: ஐ, என், டி, பி. ஐ என்றால் உள்நோக்கிய ஆள், அதாவது இன்ட்ரோவர்ட். என் என்றால் கண்ணுக்குத் தெரிவதைவிட உள்ளுணர்வை நம்புகிறவன். டி என்றால் மனசைவிட மூளையைக் கேட்கிறவன். பி என்றால் எதையும் சட்டென்று முடிவு பண்ணாமல் இழுத்துக்கொண்டே போகிறவன். கடைசி எழுத்தை வீட்டில் சொன்னேன். "இதுக்கு ஒரு டெஸ்டா? என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றார் மனைவி.

சரி, இந்த நாலு எழுத்து எங்கிருந்து வந்தது? யார் கண்டுபிடித்தது? தோண்ட ஆரம்பித்தேன். தோண்டத் தோண்ட நாவல் மாதிரி ஒரு கதை.

மனிதர்களை வகை பிரிக்கும் ஆசை புதுசில்லை. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், ரத்தம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம், கோழை என்ற நாலு நீர்மங்களை வைத்து உடம்பையும் குணத்தையும் சேர்த்தே விளக்கினார். நம்ம ஊரில் வாத உடம்பு, பித்த உடம்பு, கப உடம்பு என்று இன்றும் பாட்டிகள் சொல்வதுண்டு. வேலைக்கு ஆள் எடுப்பதைப் பற்றித் திருவள்ளுவர் அடுத்தடுத்து இரண்டு அதிகாரமே வைத்திருக்கிறார்: 51 தெரிந்து தெளிதல், 52 தெரிந்து வினையாடல். ஆளைச் சோதித்து எடு, எடுத்த பிறகு வேலையை அவனிடம் விடு என்பது சாரம். ஆனால் 514-ஆவது குறளில் மனுஷன் ஒரு குண்டைப் போடுகிறார். எத்தனை விதமாகச் சோதித்துத் தேறினாலும், வேலையில் இறங்கியதும் வேறு ஆளாகிவிடுகிறவர்கள் நிறைய உண்டு என்கிறார். இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கேள்வித்தாள் கொடுத்துக் குணத்தை அளக்கும் பழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது முதல் உலகப் போர். பீரங்கிச் சத்தத்தில் நிறைய சிப்பாய்கள் மனம் உடைந்து போனார்கள். யார் உடைவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் அவர்களைப் போர்முனைக்கு அனுப்பாமல் இருக்கலாமே என்று அமெரிக்க ராணுவத்துக்கு யோசனை. ராபர்ட் வுட்வொர்த் என்ற உளவியலாளர் ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்விகளாக 116 கேள்வி தயாரித்தார். தாள் தயாராவதற்குள் போர் முடிந்துவிட்டது. ஆனால் தாள் முடியவில்லை. அதன் வாரிசுகள் தொழிற்சாலைக்கும் ஆபீஸுக்கும் வந்து சேர்ந்தன.

நம்ம நாலு எழுத்துக்காரர்கள் கதை இதே காலத்தில் ஒரு வீட்டுக்குள் தொடங்குகிறது. கேத்தரின் குக் பிரிக்ஸ், 1875-இல் பிறந்தவர். விவசாயக் கல்லூரியில் படித்தவர். உளவியலில் பட்டம் கிடையாது. கணவர் லைமன் பிரிக்ஸ் இயற்பியலாளர். பின்னாளில் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்துக்கு இயக்குநர் ஆனவர், யுரேனியத்தால் வெடிகுண்டு செய்ய முடியுமா என்று பார்க்க 1939-இல் ரூஸ்வெல்ட் அமைத்த குழுவுக்குத் தலைவர். ஒரே மகள் இசபெல், 1897-இல் பிறந்தவர். மகளைப் பெரும்பாலும் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார் அம்மா.

அந்த மகள் ஸ்வார்த்மோர் கல்லூரியில் படிக்கும்போது கிளாரன்ஸ் மயர்ஸ் என்ற மாணவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். பையன் நல்லவன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த வீட்டு ஆட்களிலிருந்து அடியோடு வேறு மாதிரி. இங்கே எல்லாரும் கற்பனையில் மிதப்பவர்கள். அவர் கையில் இருப்பதைக் கணக்குப் பார்க்கும் வக்கீல் புத்திக்காரர். "இந்தப் பையன் ஏன் இப்படி இருக்கிறான்?" என்று அம்மாவுக்குப் புரியவில்லை. நம்ம ஊராக இருந்தால் அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பார்கள், ஜாதகம் பார்த்திருப்பார்கள். கேத்தரின் நூலகத்துக்குப் போனார். பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளை எடுத்துவைத்துப் படித்து, தியானிப்பவர், தோன்றியதைச் செய்பவர், நிர்வாகி, கூட்டம் விரும்புபவர் என்று தானே நாலு வகை பிரித்தார். 1918-இல் கல்யாணமும் நடந்தது. உலகத்தில் இன்று ஊழியர்களைப் பிரித்து அடுக்கும் ஒரு பெரிய வியாபாரத்துக்கு விதை, மாப்பிள்ளையைப் புரிந்துகொள்ள ஒரு மாமியார் எடுத்த முயற்சி!

1921-இல் சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் 'உளவியல் வகைகள்' என்ற பெரிய நூலை ஜெர்மனில் வெளியிட்டார். 1923-இல் அது ஆங்கிலத்தில் வந்தது. படித்த கேத்தரின், தான் தேடியது இதுதான் என்று சொல்லி, அதுவரை எழுதி வைத்த குறிப்புகளையெல்லாம் நெருப்பில் போட்டுவிட்டார் என்று சொல்வார்கள். 1926-இல் 'நியூ ரிபப்ளிக்' பத்திரிகையில், சாதாரண வாசகர்கள் தங்கள் வகையைத் தாங்களே கண்டுபிடிப்பது எப்படி என்று கட்டுரையும் எழுதினார். தலைப்பிலேயே உங்களை நீங்களே சந்தியுங்கள் என்று அழைப்பு. இன்று இணையத்தில் மாலை நேரத்தில் பொழுதுபோகாமல் "நீங்கள் எந்த வகை?" என்று கிளிக் பண்ணுகிறோமே, அதற்கு நூறு வருஷப் பழைய பாட்டி அந்தக் கட்டுரை.

மகள் இசபெல் அப்போது இந்தப் பக்கமே வரவில்லை. அவர் துப்பறியும் நாவல் எழுதினார். 1929-இல் ஒரு நாவல் போட்டியில் 7,500 டாலர் பரிசு. அவரிடம் தோற்றவர்களில் எல்லரி குவீன் என்ற பெயரில் எழுதிய இருவரும் உண்டு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1934-இல் இரண்டாவது நாவல். இதைப் பற்றி இசபெலின் அபிமானிகள் அதிகம் பேச மாட்டார்கள். ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், தங்கள் பரம்பரையில் கறுப்பினத்தவர் ரத்தம் கலந்திருக்கலாம் என்று கேள்விப்பட்டு, ஒவ்வொருவராகச் சாகத் துணிகிறது. அதைச் சுற்றித்தான் கதை. பிறப்பால் ஒட்டப்படும் அடையாளம் ஓர் உயிரைவிடப் பெரிது என்று நினைத்த ஒரு சமூகத்திலிருந்துதான், ஒவ்வொரு மனிதருக்கும் ஒவ்வொரு வரம் என்று பின்னால் எழுதப்போகிறவரும் வந்தார். இரண்டும் ஒரே ஆள்தான். நாலு எழுத்தில் இது அடங்குமா?

இரண்டாம் உலகப் போர் வந்தது. ஆண்கள் போருக்குப் போக, தொழிற்சாலைகளுக்குப் பெண்கள் வந்தார்கள். யாரை எந்த வேலையில் போடுவது என்று குழப்பம். 1942-இல் இசபெல், வேலைக்கேற்ற ஆளைத் தேர்ந்தெடுக்க உதவும் ஒரு கேள்வித்தாளைப் பற்றி 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' இதழில் படித்தார். இதைவிட நல்லதை நம்மால் செய்ய முடியும், நம்மிடம் யுங் இருக்கிறார் என்று தோன்றியது. மனிதர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொண்டால் உலகத்தில் சண்டை குறையும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். பிலடெல்ஃபியாவில் ஒரு வங்கியில் பணியாளர் துறையைப் பார்த்துக்கொண்டிருந்த எட்வர்ட் ஹே என்பவரிடம் தேர்வு தயாரிப்பது, மதிப்பெண் போடுவது, புள்ளியியல் எல்லாம் கற்றார். யுங் சொன்ன மூன்று ஜோடிகளோடு நாலாவதாக ஒன்றைச் சேர்த்தார்: சட்டென்று முடிவெடுப்பவரா, வழியைத் திறந்தே வைப்பவரா? நாலு ஜோடி, 16 வகை. 1943-இல் பதிப்புரிமை வாங்கினார். அம்மா பெயர், மகள் பெயர் இரண்டும் சேர்ந்து மயர்ஸ்-பிரிக்ஸ்.

அந்த அம்மாளின் உழைப்பைக் குறைத்துச் சொல்லிவிட முடியாது. 40-க்கும் மேற்பட்ட மருத்துவக் கல்லூரிகளில் 5,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் பதில் வாங்கி, பிற்பாடு யார் எந்த மருத்துவத் துறைக்குப் போனார்கள் என்று தொடர்ந்து பார்த்தார். உளவியலில் பட்டம் இல்லாதவர் என்று பேராசிரியர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நம்ம பிள்ளைகள் எழுதும் ஜி.ஆர்.இ., டோஃபல் தேர்வுகளை நடத்துகிற இ.டி.எஸ். நிறுவனம் 1957-இல் இவரோடு ஒப்பந்தம் போட்டது. 1962-இல், ஆராய்ச்சிக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு தாளை வெளியிட்டது. அங்கிருந்த புள்ளியியல்காரர்களுக்கு இது பிடிக்கவே இல்லை. 1975-இல் கலிஃபோர்னியாவில் ஒரு பதிப்பகம் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் நிறுவனங்களுக்குள் வெள்ளமாகப் பாய்ந்தது. இசபெல் 1980-இல் காலமானார். வெள்ளத்தின் முழு உயரத்தை அவர் பார்க்கவில்லை.

எல்லாரும் பணிந்து பதில் எழுதினார்கள் என்று நினைக்காதீர்கள். 1956-இல் வில்லியம் எச். வைட் என்ற பத்திரிகையாளர், பெரிய நிறுவனங்களின் மனிதர்களைப் பற்றி ஒரு புகழ்பெற்ற நூல் எழுதினார். அதன் பின்னிணைப்பு, அந்தக் காலத்து ஆளுமைத் தேர்வுகளில் ஏமாற்றுவது எப்படி என்பது! ரொம்பப் புத்திசாலியாகத் தெரியாதே, ரொம்ப உணர்ச்சிவசப்படுகிறவனாகத் தெரியாதே, ஊரோடு ஒத்துப்போகிற சராசரி ஆள் என்ன சொல்வானோ அதையே சொல் என்பதுதான் அவர் யோசனையின் சாரம். கம்பெனி மனிதனின் ஆத்மாவைக் கம்பெனி கேட்டால், கொடுக்காமல் ஒளித்து வைத்துக்கொள் என்கிறார். எனக்கு இவரைப் பிடித்துவிட்டது.

சரி, தேர்வு உண்மையாகவே வேலை செய்கிறதா? இங்கே இரண்டு விஷயம்.

ஒன்று, பலிப்பது போலத் தோன்றுவது. 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் 39 மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அவரவர் குணச்சித்திரம் என்று ஒரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகுதான் தெரிந்தது, எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வரிகள் பெரும்பாலும் கடையில் விற்கிற ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை! "வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் உங்களுக்குக் கவலை உண்டு" என்று சொன்னால் யார்தான் இல்லை என்பார்கள்? கிளி எடுத்துக் கொடுக்கிற சீட்டும் இதே ரகம்தான்.

இரண்டு, கோடு. மனிதர்களை அளந்து பார்த்தால் பெரும்பாலோர் நடுவில்தான் நிற்கிறார்கள். ரொம்பக் கூச்சமும் இல்லை, ரொம்பக் கலகலப்பும் இல்லை. இந்தத் தேர்வோ நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் ஐ, அந்தப் பக்கம் ஈ என்று வெட்டுகிறது. கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் இன்று ஒரு பக்கம், அடுத்த மாதம் மறுபக்கம். சில வாரங்களில் மறுபடி எழுதியவர்களில் பாதிப் பேர் வரை ஓர் எழுத்தாவது மாறியதாகக் காட்டிய ஆய்வுகள் உண்டு. இன்னொரு கூத்து கேளுங்கள். மூளையா மனசா என்ற மூன்றாவது ஜோடிக்கு 1998 வரை ஆணுக்கு ஒரு மதிப்பெண் முறை, பெண்ணுக்கு ஒரு மதிப்பெண் முறை. அதாவது, ஒரே பதிலைச் சொல்லியும் ஆண் ஒரு வகை, பெண் வேறு வகை ஆக முடியும்.

யுங்கே இதற்கெல்லாம் எச்சரிக்கை கொடுத்தவர்தான். முழுக்க முழுக்க உள்நோக்கியவர், முழுக்க முழுக்க வெளிநோக்கியவர் என்று யாரும் கிடையாது. அப்படி ஒருத்தர் இருந்தால் மனநல மருத்துவமனையில்தான் இருப்பார் என்ற பொருளில் பேசியிருக்கிறார்.

இதெல்லாம் பொழுதுபோக்காக இருக்கிறவரை பிரச்சினை இல்லை. என் எழுத்துகளைப் பார்த்து வீட்டில் சிரித்தோம், முடிந்தது. ஆனால் அதே பயிற்சியில் என்னோடு இருந்த ஒரு பெண்ணுக்கு முடியவில்லை. குழுவிலேயே வேலை நன்றாகத் தெரிந்தவர். அவருக்கும் முதல் எழுத்து ஐ. கொஞ்ச நாளில் வாடிக்கையாளரிடம் நேரில் போய்ப் பேச ஆள் தேவைப்பட்டது. அவர் பெயர் வந்தபோது, "அவங்க இன்ட்ரோவர்ட் இல்ல? கஷ்டப்படுவாங்க, வேணாம்" என்று ஒரு குரல். கெட்ட எண்ணம் இல்லை, கரிசனம்தான். ஆனால் அவரை யாரும் கேட்கவில்லை. நன்றாகப் பேசத் தெரிந்த இன்னொருவர் போனார். போன இடத்திலிருந்து ஒவ்வொரு கேள்விக்கும் இவருக்குத்தான் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டபோது இவர் பேசியதை நாங்கள் எல்லாரும் கேட்டோம். நிதானமாக, தெளிவாக, ஒரு வார்த்தை கூடுதல் இல்லாமல். வள்ளுவர் சொன்ன ஆள் அவர்தான்: வேலையில் இறங்கினால் வேறாகிற ஆள். நல்ல பக்கமாகவும் வேறாவார்கள் போலிருக்கிறது.

மறு வருடம் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

இப்போது யுங்கைப் பற்றி ஒரு தகவல். இதைப் படித்த அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. 1937 கடைசியில் அவர் இந்தியா வந்தார், கல்கத்தாவில் நடந்த அறிவியல் மாநாட்டை ஒட்டி. சென்னைக்கும் வந்தார். அப்போது திருவண்ணாமலையில் ரமணர் இருந்தார். யுங்கின் நண்பர், இந்தியவியல் அறிஞர் ஹைன்ரிச் சிம்மர், ரமணர் மேல் பெரும் ஈடுபாடு கொண்டவர். ஆனாலும் யுங் திருவண்ணாமலைக்குப் போகவில்லை. சாமியார்களைச் சந்திப்பதை வேண்டுமென்றே தவிர்த்தார். பின்னால் சிம்மரின் ரமணர் நூலை 1944-இல் பதிப்பித்தபோது அதற்கு எழுதிய முன்னுரையில், போயிருக்க வேண்டுமோ என்று கொஞ்சம் சங்கடப்பட்டுக்கொள்கிறார்.

ரமணரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது யார் தெரியுமா? ஓர் ஆபீஸ் ஊழியர். சிவப்பிரகாசம் பிள்ளை, தென்னார்க்காடு கலெக்டர் அலுவலகத்தில் வருவாய்த் துறையில் வேலை. 1902 வாக்கில் அலுவல் விஷயமாகத் திருவண்ணாமலைக்கு வந்தவர், விரூபாட்ச குகையில் பேசாமல் இருந்த இளைஞரிடம் போய், நான் யார் என்று கேட்டார். இளைஞர் எழுதிக் காட்டினார். 'நான் யார்?' என்ற அந்தச் சிறு நூல் அச்சில் வந்தது 1923-இல். ஆமாம், யுங்கின் நூல் ஆங்கிலத்தில் வந்த அதே வருடம்! ஒரே வருடத்தில், ஒரே கேள்விக்கு, உலகத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு புத்தகம். ஒன்றிலிருந்து வளர்ந்தது, நீ இன்னது என்று பெயர் சூட்டிக்கொண்டே போனது. மற்றது உடம்பு நானில்லை, புலன் நானில்லை என்று பெயர்களைக் கழற்றிக்கொண்டே போகிறது. ஆன்மிகத்தில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, இந்த இரண்டாவது வழியில் ஒரு விவரம் எனக்குப் பிடித்திருக்கிறது: விடையை இன்னொருவர் மதிப்பெண் போட்டுக் கொடுக்க முடியாது.

அந்த முன்னுரையில் யுங் இன்னொன்றும் சொல்கிறார். திருவனந்தபுரத்தில் ரமணரின் சீடர் ஒருவரைச் சந்தித்தாராம். ஆரம்பப் பள்ளி ஆசிரியர் நிலையில் இருந்த எளிய மனிதர். பெரிய குடும்பத்தைத் தோளில் சுமந்தவர். குருவைவிட இந்த மனிதரே யுங்கை அதிகம் ஈர்த்ததுபோல் எழுதியிருக்கிறார். காலையில் வேலைக்குப் போய், மாலையில் அரிசி பருப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஓர் ஆளிடம் இவ்வளவு அமைதியா என்ற ஆச்சரியம் அதில் தெரிகிறது. மனிதர்களை வகை பிரித்துப் புகழ்பெற்றவர், அந்த மனிதரை எந்த வகையிலும் போடவில்லை.

அடுத்த முறை உங்கள் ஆபீஸில் கேள்வித்தாளை நீட்டினால் தாராளமாக எழுதுங்கள். உங்களைப் பற்றி யோசிக்க அரை மணி நேரம் சம்பளத்தோடு கிடைக்கிறது, விடுவானேன்? முடித்த பிறகு ஒன்றை மட்டும் கேட்டு வையுங்கள்: "இந்தத் தாள் எங்க போகுது சார், யார் பார்ப்பாங்க?" நாலு எழுத்து உங்கள் சட்டைப் பையில் இருந்தால் பேசிச் சிரிக்க நன்றாக இருக்கும். மேனேஜரின் மேஜை இழுப்பறையில் இருந்தால், உங்களைக் கேட்காமலேயே உங்களுக்காக அது பேச ஆரம்பித்துவிடும்.